கையை விரித்துக் காட்டியவர்

எங்கள் ஊர்ப் பேச்சில் ஒருவர் கையை விரித்தார் என்றால் இனி ஆவதற்கு ஒன்றுமில்லை என்று அர்த்தம். தோட்டத்துத் துரை கையை விரித்துவிட்டார், டாக்டர் கையை விரித்துவிட்டார் என்போம். அதனால்தான் அந்த அக்கா அப்புத்தளைக்கு வந்த புதிதில் அவரைக் கண்டாலே ஊருக்கு ஒரு மாதிரியாக இருந்தது. எந்த இடத்தை விட்டுப் புறப்பட்டாலும் இரண்டு கையையும் ஒரு தட்டுத் தட்டி, விரல்களை விரித்து, உள்ளங்கையையும் புறங்கையையும் திருப்பிக் காட்டிவிட்டுத்தான் போவார். பேக்கரியில் பாண் வாங்கிவிட்டுத் திரும்பும்போதும் அப்படித்தான். கோயில் வாசலில் பாதரிடம் பேசி முடித்தபோதும் அப்படித்தான். பாதர் என்ன செய்வதென்று தெரியாமல் தானும் பதிலுக்குக் கையை விரித்துக் காட்டினார், பாவம்.

என் கடை பஸ் ஸ்டாண்டுக்கு மேலே ஏறும் படிக்கட்டின் ஓரம். போட்டோ கொப்பி, போன் ரீலோட், பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குப் பேனா பென்சில். அதை ஒட்டியிருந்த அறையைத்தான் அக்கா வாடகைக்கு எடுத்தார். ஒரு தையல் மெஷின், ஒரு பெஞ்சு, அவ்வளவுதான். வெள்ளைக்காரர்கள் தங்கும் விடுதிகளுக்குத் திரைச்சீலை தைத்துக் கொடுப்பார். பிறந்தது ஹல்துமுல்லைப் பக்கம் ஒரு தோட்டம். சின்ன வயதிலேயே கொழும்புக்குப் போய், அங்கே ஒரு கஸினோவில் பல வருஷம் மேசையில் நின்று சீட்டுப் போட்டவர். மணிக்கட்டு வீங்கத் தொடங்கியதும் வேலையை விட்டுவிட்டு மலைக்கே திரும்பி வந்துவிட்டார்.

எனக்கு வாய் சும்மா இருக்காது. வந்த வாரமே கேட்டுவிட்டேன், அது என்ன கை என்று.

"மேசைய விட்டு எழும்பும்போது கையைத் தட்டிக் காட்டணும் தங்கச்சி. மேல கெமரா இருக்கும். நான் ஒண்ணையும் ஒளிச்சு எடுத்துட்டுப் போகலன்னு அதுக்குக் காட்டுறது. வேலைய விட்டாச்சு, கை விடமாட்டேங்குது" என்றார்.

நான் இதை ஊருக்கெல்லாம் விளக்கிச் சொன்னேன். யார் கேட்டார்கள்! 'சீட்டுக்கார அக்கா' என்று பெயர் வைத்ததோடு சரி. அந்தப் பெயரைக் கேட்டுவிட்டு, தபால் கந்தோருக்கு மாற்றலாகி வந்தவரின் மனைவி, மாதச் சீட்டில் தனக்கும் ஒரு பங்கு வேண்டும் என்று அக்காவிடம் வந்து உட்கார்ந்தார். அக்கா சிரிக்காமல், என்கிட்ட இருக்கிறது வேற சீட்டு என்று சொல்லி, அந்த அம்மாவுக்கு ரம்மி கற்றுக்கொடுத்து அனுப்பினார்.

அப்புத்தளையில் மத்தியானத்துக்குப் பிறகு மூடுபனி இறங்கினால் கடைக்கு ஆள் வராது. அந்த நேரம் அக்காவின் பெஞ்சில் சீட்டுக்கட்டு வந்துவிடும். அக்கா, நான், என் வீட்டுக்காரர். அவர் தேயிலை ஃபெக்டரியில் லொறி ஓட்டினார். கொழுந்து எடுக்கும் நடைக்கு இடையில் லொறியைக் கீழே போட்டுவிட்டு ஓடி வந்துவிடுவார். விளையாடியது போக்கர். வைத்தது நெருப்புக்குச்சி. அதற்கு மேல் எதையும் வைக்க அக்கா விடவில்லை. ஆளுக்கு இரண்டு சீட்டு கவிழ்த்துக் கொடுப்பார். நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு, கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்கும். அதையும் இதையும் சேர்த்து யார் கை பெரிதோ அவருக்குக் குச்சி.

வரப்போகிற சீட்டை அக்கா எண்ணுவது ஒரு அழகு. கட்டை விரல் மற்ற விரல்களின் கணுவில் ஓடும், உதடு அசையாது. ஒரே இனத்தில் ஐந்து சேரவேண்டும், உன்னிடம் நாலு சேர்ந்துவிட்டது என்று வை. இனத்துக்குப் பதின்மூன்று. நாலு போனால் வெளியே ஒன்பது. இன்னும் இரண்டு சீட்டு திறக்க இருந்தால் ஒன்பதை நாலால் பெருக்கு, ஒரு சீட்டுத்தான் பாக்கி என்றால் இரண்டால் பெருக்கு. நூற்றில் ஏறக்குறைய அத்தனை தடவை உனக்கு வரும். இவ்வளவுதான் கணக்கு. எனக்கு ஒரு கிழமையில் பிடிபட்டுவிட்டது. என் வீட்டுக்காரருக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. அவருக்குத் தெரிந்த கணக்கு ஒரே வார்த்தை: "வரும்."

ஒருநாள் அவர் கணக்கில் ஐந்து, ஆறு, எட்டு, ஒன்பது சேர்ந்திருந்தது. நடுவே ஏழு வந்தால் வரிசை. சீட்டுக்கட்டு முழுக்க ஏழு நாலுதான். ஒரே ஒரு சீட்டுத்தான் திறக்கப் பாக்கி. நூற்றில் எட்டுத் தடவை வரும், மிச்சத் தடவை வராது. மனிதர் இருந்த குச்சியையெல்லாம் தள்ளி வைத்து, வரும் என்றார். கிளாவர் ஏழு வந்து விழுந்தது. பெஞ்சைத் தட்டித் தட்டிச் சிரித்தார், கீழே பஸ்ஸுக்கு நின்றவர்கள் அண்ணாந்து பார்த்தார்கள். அக்கா குச்சிகளை அவர் பக்கம் நகர்த்திவிட்டு, "தம்பி, நீங்க ஜெயிச்சீங்க. ஆனா தப்பா விளையாடினீங்க" என்றார். அவருக்கு முகம் தொங்கிப்போய்விட்டது. இரண்டு நாள் கடைப் பக்கமே வரவில்லை. ஜெயித்தவனைப் போய்த் தப்பு என்கிறாரே, இந்த அம்மாவுக்கு என்ன நியாயம் என்று வீட்டில் என்னிடம் பொருமினார்.

அக்காவின் நியாயமே அதுதான். வந்த சீட்டைப் பார்த்து அவர் யாரையும் புகழவும் மாட்டார், ஏசவும் மாட்டார். வருவதற்கு முன்னால் உன் கண்ணுக்கு என்ன தெரிந்தது, அதை வைத்து என்ன செய்தாய் என்றுதான் பார்ப்பார். அதனால் ஊர் முழுக்கப் பேசுகிற ஒரு வசனம் அவருக்கு ஆகவே ஆகாது. "எனக்கு அப்பவே தெரியும்." யாராவது இதைச் சொன்னால் ஊசியை நிறுத்திவிட்டு, அப்ப என்ன தெரிஞ்சது உங்களுக்கு என்று கேட்பார். நையாண்டி இல்லை, உண்மையாகவே கேட்பார். அதில்தான் ஆட்களுக்குக் கோபம் வரும்.

பக்கத்துத் தோட்டத்தில் ஒரு கல்யாணம். பெண்ணின் அப்பா, மத்தியானம் மழை வரும் என்று லயத்து வீடுகளின் முற்றம் முழுக்கத் தகரக் கொட்டகை போட்டிருந்தார். அன்றைக்கென்று வானம் கண்ணாடி போல. சாப்பிட்ட வாய் சும்மா இருக்குமா? வீண் வேலை, எனக்கு அப்பவே தெரியும் என்று ஆளுக்கு ஆள். அந்த மனிதர் தன் மகள் கல்யாணத்தில் குற்றவாளி மாதிரி நின்றார். அக்கா கை கழுவிவிட்டு நேரே அவரிடம் போய், "ஐயா, கொட்டகை போட்டது சரி. மழைதான் வரல" என்றார். சொல்லிவிட்டு வழக்கம் போலக் கையைத் தட்டிக் காட்டிவிட்டு வந்துவிட்டார். அந்த மனிதர் எங்கே கண்டாலும் அக்காவுக்கு எழுந்து நிற்பார்.

"எனக்கு அப்பவே தெரியும்" என்பதில் எங்கள் வட்டாரத்துக்கே என் மாமி முதல் ஆள். வீட்டுக்காரரின் அம்மா. கொழுந்து பறித்துப் பிள்ளை வளர்த்தவர், ஜெபமாலையும் கையுமாக இருப்பவர். சோறு குழைந்தால் அவருக்கு அப்போதே தெரியும். ரயில் பிந்தினாலும் அப்போதே தெரியும். மாமியும் அக்காவும் எதிர் எதிர் என்பது எனக்கு ஆரம்பத்திலேயே விளங்கியது. பாருங்கள், நானும் அதையே சொல்கிறேன்.

என் வீட்டுக்காரருக்குத் தலைவலி வந்தது. ஒரு கண் இமை தானாகத் தொங்கியது. பதுளைக்குக் கூட்டிக்கொண்டு போய்ப் படம் எடுத்துப் பார்த்ததில், மூளைக்குப் போகும் ரத்தக் குழாய் ஓரிடத்தில் பலூன் மாதிரி ஊதியிருக்கிறது என்றார்கள். டாக்டர் நல்ல மனிதர், பொறுமையாகச் சொன்னார். அப்படியே விட்டால் அது என்றைக்காவது வெடிக்கும், எப்போது என்று சொல்ல முடியாது, வெடித்தால் பிழைப்பது கஷ்டம். கொழும்பில் ஆபரேஷன் செய்யலாம். இந்த மாதிரிப் பத்துப் பேருக்குச் செய்தால் எட்டு ஒன்பது பேர் நடந்து வீட்டுக்குப் போவார்கள்.

மாமி வேண்டவே வேண்டாம் என்றார். தலையைத் திறந்தவன் யார் பிழைத்திருக்கிறான், மாதாவுக்கு நேர்ந்து வைத்திருக்கிறேன், வீட்டிலேயே இருக்கட்டும் என்றார். சொந்தக்காரர்கள் ஆளுக்கு ஒரு பக்கம். அவரோ, நீ என்ன சொல்கிறாயோ அது என்று என் மேல் போட்டுவிட்டார். லொறியை எந்த வளைவிலும் தானே திருப்புகிற மனிதர், இதில் மட்டும் ஸ்டியரிங்கை என் கையில் கொடுத்துவிட்டார்.

அக்காவிடம் போய் அழுதேன். செய்யட்டுமா வேண்டாமா, ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்றேன். அவர் சொல்லவில்லை. அந்த நேரத்தில் எனக்கு ஆத்திரம்தான் வந்தது. மெஷினை நிறுத்திவிட்டு மூன்று கேள்வி சொன்னார்.

"உதவுற சீட்டு எத்தனை? அதைப் பார்க்க நாம என்ன வைக்கணும்? வைக்காம சீட்டை மடிச்சு விலகிட்டா என்ன மிஞ்சும்? இது மூணையும் டாக்டர்கிட்ட கேளு. கேட்டுட்டு நீயே முடிவெடு." நூலை ஊசியில் கோத்துக்கொண்டே, "கட்டுல அம்பத்திரண்டு சீட்டுன்னு நமக்குத் தெரியும். உடம்புல எத்தனைன்னு யாருக்கும் தெரியாது. அதையும் மறந்துடாத" என்றார்.

கேட்டேன். ஒவ்வொன்றாக, சீட்டு என்று சொல்லாமல், டாக்டரிடம் கேட்டேன். மடித்து வைத்தால் மிஞ்சுவது பயம் மட்டும்தான் என்று எனக்குப் பட்டது. ஆபரேஷன் என்று முடிவெடுத்தேன். கையெழுத்துப் போட்டது நான்தான்.

கொழும்புக்குப் புறப்பட இருந்த அன்று காலை அக்கா வீட்டுக்கு வந்தார். ஒரு ஃபிளாஸ்கில் கோப்பி, புதிதாகத் தைத்த தலையணை உறை. என் வீட்டுக்காரர், திரும்பி வந்து உங்களை ஒரு கை பார்க்கிறேன் அக்கா என்றார். வரும் வரும் என்றார் அக்கா, அவருடைய வார்த்தையையே எடுத்து. எல்லோரும் சிரித்தோம். எழுந்து வாசலுக்குப் போன அக்கா, பழக்கதோஷத்தில், கையைத் தட்டி விரித்துக் காட்டினார். மாமி அதைக் கண்டுவிட்டார். நோயாளி வீட்டு வாசலில் நின்று கையை விரித்துவிட்டுப் போகிறாளே, இவள் விளங்குவாளா என்று அவர் போட்ட சத்தம் கீழ் ரோட்டுக்குக் கேட்டிருக்கும். அக்கா இரண்டு கையையும் ஸ்வெட்டருக்குள் இழுத்துக்கொண்டு படியிறங்கிப் போனார்.

என் வீட்டுக்காரர் திரும்பி வரவில்லை. ஆபரேஷன் முடிந்து கண் விழித்து என்னோடு பேசினார். லொறிக்கு டயர் மாற்ற வேண்டும், மறந்துவிடாதே என்றார். மறுநாள் மூளைக்குள் ரத்தம் கசிந்தது. யார் மேலும் குறையில்லை, டாக்டர்கள் உயிரைக் கொடுத்துப் பார்த்தார்கள். பத்தில் ஒன்று இரண்டு என்று சொன்னார்களே, அந்த ஒருவர் இவராகிப்போனார்.

மரண வீட்டில் எனக்கு அழுகையைவிட வெட்கம்தான் அதிகமாக இருந்தது. வந்தவர்கள் எல்லோரும் என் வலது கையையே பார்ப்பது போலத் தோன்றியது. வீட்டில் வைத்திருந்தால் இன்றைக்கு உட்கார்ந்திருப்பான் என்று யாரோ குசினி அடுப்படியில் சொன்னது நன்றாகக் கேட்டது. அக்கா வந்து பெட்டிக்குப் பக்கத்தில் நின்றார். போகும்போது கை ஸ்வெட்டருக்குள்தான் இருந்தது. அந்த ஒரு மாதமும் நான் கடை திறக்கவில்லை. சோறு வைத்தால் இந்தக் கைதானே என்று நினைப்பேன். தலை சீவினால் இந்தக் கைதானே என்று நினைப்பேன். இனி எதற்குமே நான் முடிவெடுக்கக்கூடாது என்று இருந்தேன்.

முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து வீட்டில் சாப்பாடு. பந்தியில் எல்லோரும் இருக்கும்போது மாமி சொன்னார். "எனக்கு அப்பவே தெரியும். சொன்னேன், இவ கேக்கல. எம்புள்ளைய இவதான் கொண்டு போய்க் குடுத்துட்டு வந்தா."

யாரும் சோற்றைத் தொடவில்லை. அக்கா தட்டைக் கீழே வைத்தார்.

"அம்மா, அப்ப யாருக்கும் ஒண்ணும் தெரியாது. தெரிஞ்சதெல்லாம் டாக்டர் சொன்னதுதான். அதைக் கேட்டு, அழுதுக்கிட்டே முடிவெடுத்தா." பிறகு என் பக்கம் திரும்பினார். "தங்கச்சி, நீ தப்பா விளையாடல. சீட்டு வரல. ரெண்டும் வேற வேற."

மாமி அக்காவை நிமிர்ந்து பார்த்தார். "எம்புள்ள என்ன சீட்டா?" என்றார்.

அக்கா முகம் கறுத்துப்போய், இல்லம்மா என்று மட்டும் சொன்னார். எழுந்து கை கழுவிவிட்டுப் போய்விட்டார்.

மறுநாள் வீடு தேடி வந்தார். மாமி உள்ளே இருந்தார், வெளியே வரவில்லை. அக்கா வாசலிலேயே நின்று, உள்ளே கேட்கும்படி, அம்மா கேட்டது சரி, தம்பியை அப்படிச் சொன்னது என் வாய்த் தப்பு என்றார். "ஆனா தங்கச்சி, உன்னைப் பத்திச் சொன்னதுல ஒரு எழுத்தும் மாத்தமாட்டேன்." சொல்லிவிட்டு நின்றார், என் முகத்தைப் பார்த்துக்கொண்டே. நான் அப்போதுதான் அழுதேன். அவருக்காக, என் புருஷனுக்காக மட்டும் அழுதேன். அதுவரை அழுததெல்லாம் எனக்காக. அடுத்த நாள் கடையைத் திறந்தேன்.

இதற்கு நான் அக்காவுக்கு நன்றி என்று ஒருபோதும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொன்னால் அவர் என்ன செய்வார் என்று தெரியும், மெஷினை வேகமாக மிதிப்பார். அதற்குப் பிறகு நாங்கள் போக்கர் விளையாடவில்லை. மூன்றாவது ஆள் இல்லாமல் கட்டைக் கையில் எடுக்கவே மனம் வரவில்லை. மூடுபனி இறங்கினால் பெஞ்சில் உட்கார்ந்து பிளேன்டீ குடிப்போம், அவ்வளவுதான். கொஞ்ச காலத்தில் நீர்கொழும்பில் இருந்த அக்காவின் மகள் வந்து அவரைத் தன்னோடு கூட்டிக்கொண்டு போனாள். போன வருஷம் அங்கேயே இறந்துவிட்டார். நானும் போய்ப் பார்த்தேன். பெட்டிக்குள் கையைக் கூப்பி, விரல்களில் ஜெபமாலையைச் சுற்றி வைத்திருந்தார்கள். எனக்கு அது சரியாகவே படவில்லை. அந்தக் கையை விரித்து வைத்திருக்கலாம்.

இந்த வருஷ மழையில் மாமி படியில் வழுக்கி விழுந்தார். இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. பதுளை ஆஸ்பத்திரியில், இந்த வயதுக்கு ஆபரேஷனில் ஆபத்து இருக்கிறது, இருதயம் தாங்கவேண்டும் என்றார்கள். செய்யாவிட்டால் கடைசிவரை படுக்கைதான். வீட்டில் கேட்டு முடிவைச் சொல்லுங்கள் என்று டாக்டர் என்னைத்தான் பார்த்தார். கையெழுத்துப் போடப்போவது மறுபடியும் என் கை.

மாமி கட்டிலில் இருந்து என்னைக் கூப்பிட்டார். "அந்தச் சீட்டுக்காரி மூணு கேள்வி கேக்கச் சொன்னாளே, என்ன அது?" என்றார்.

அன்றைக்கு வீட்டில் நான் சொன்னதை இத்தனை வருஷம் அவர் மனதில் வைத்திருந்தது எனக்குத் தெரியாது. சொன்னேன். டாக்டரை வரவழைத்து மூன்றையும் அவரே கேட்டார், அவர் பாணியில். நான் எழும்ப எத்தனை பங்கு வாய்ப்பு? அதுக்கு எதைப் பணயம் வைக்கணும்? சும்மா விட்டா என்ன மிச்சம்? டாக்டர் சொன்னதையெல்லாம் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். பிறகு என்னிடம், நீ என்ன சொல்கிறாய் என்றார். செய்வோம் மாமி என்றேன்.

மாமி என் வலது கையை எட்டிப் பிடித்தார். "கேட்டுக்க. நா திரும்பி வரலன்னாலும் இந்த முடிவு சரி. இப்பவே சொல்லிட்டேன். நாளைக்கு எவளும் வந்து எனக்கு அப்பவே தெரியும்னு உன்கிட்ட சொல்லக்கூடாது." கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டு, "அன்னைக்கு நீ எடுத்ததும்தான்" என்றார்.

மாமி இப்போது வோக்கரைத் தள்ளிக்கொண்டு வீட்டுக்குள் நடக்கிறார், குசினியில் எனக்கு உத்தரவு போடுகிறார். அதை வைத்து என் முடிவு சரி என்று நான் சொல்ல வந்தால் அக்கா ஊசியை நிறுத்திவிடுவார். அதனால் அதை விட்டுவிட்டு, ஆபரேஷன் அன்று காலை தியேட்டர் வாசலில் நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன்.

அதற்கு மேல் என்னை விடமாட்டார்கள். தள்ளுகட்டிலில் மாமி, அதைப் பிடித்துக்கொண்டு லுணுகலைப் பக்கத்துப் பையன், அட்டெண்டன்ட் வேலை. நான் மாமியின் நெற்றியில் சிலுவை போட்டுவிட்டுத் திரும்பினேன். நாலடி வந்ததும் என்னை அறியாமல் நின்றேன். கையை ஒரு தட்டுத் தட்டி, விரித்து, உள்ளங்கையும் புறங்கையும் திருப்பிக் காட்டினேன்.

பையன் பதறிப்போனான். "என்னங்க, ஆபரேஷன் இன்னும் தொடங்கவே இல்ல, அதுக்குள்ள கைய விரிக்கிறீங்க?"

"சும்மா தள்ளு தம்பி" என்றார் மாமி, படுத்தபடியே. "அவ ஒண்ணையும் ஒளிச்சு வைக்கல. அதைக் காட்டுறா."